மூன்றாவது மருமகள்

அன்று மத்தியானம் தையல் அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். பெரியவர், இயந்திரத்துக்கு முன்னால், மர நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அதன் முதுகின்மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி, ஜன்னலோரம் பஞ்சு மூட்டையின்மேல். வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றி, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை கை தூக்குவதுபோல் அதை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். பெரியவரின் தம்பி, துணி வெட்டும் மேசையின் விளிம்பில், ஒரு கால் தரையிலும் ஒரு கால் ஆட்டத்திலுமாக. மெக்கானிக், தரையில், இயந்திரச் சட்டத்தின் இரும்புக் காலில் முதுகைச் சாய்த்து. ஒரு செருப்பு காலில் இருந்தது, மற்றது அறையின் மறுகோடியில் கவிழ்ந்து கிடந்தது. தம்பியின் மனைவி, எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், கதவுக்கு முன்னால் போட்ட முக்காலியில். அவளை அங்கே உட்காரவைத்தது பெரியவர்தான். கதவுக்குத் தாழ்ப்பாளைப் போட்டு, தாழ்ப்பாளுக்கு முன்னால் அவளையும் போட்டிருந்தார்.

பெரியவர் சொன்னது இதுதான்: காலையில் என் பெண்டாட்டி விரலில் ஊசி போயிருக்கிறது, அதே மாதிரி ஊசி இவன் விரலிலும் போகாமல் இவன் இந்த அறையைவிட்டுப் போகக்கூடாது. அவர் இதைக் கத்திச் சொல்லியிருந்தால் சின்னவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். அவர் கத்துகிற மனிதர். அன்று சந்தையில் விலை கேட்பதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"எந்த விரல்னு அவனே சொல்லட்டும். நமக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

மெக்கானிக் மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தை மேலுதட்டில் நிறுத்தி நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கையால் வலது கையை மடியில் பொத்தி வைத்திருந்தான். அந்த வலது கைதான் அவன் சோறு. அதை வைத்துத்தான் திருகு முடுக்குவான், ஊசி மாற்றுவான், கையெழுத்துப் போடுவான். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அவர்களும் கையால் பிழைக்கிறவர்கள்தான்.

அவனுக்கு முதுகு கொடுத்துக்கொண்டிருந்த அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அறையின் பாதி அதுதான். இரண்டு கட்டிலை வரிசையாகப் போட்ட நீளத்துக்கு இரும்புச் சட்டம். துணியைச் சுற்றி இழுத்துப் பிடிக்க உருளைகள். உருளைகளுக்கு மேலே தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும் வெள்ளைத் தலை. தலைக்கு சைக்கிளுக்கு இருப்பதுபோல் இரண்டு கைப்பிடிகள். வலது கைப்பிடியில் ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் ஊசி ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்குவதற்கென்றே பிறந்தது. கையால் தைத்தால் மாதக்கணக்கில் இழுக்கிற போர்வையை இது ஒரே நாளில் முடித்துத் தள்ளும் என்று விற்றவர்கள் சொன்னார்கள்.

வீட்டில் அதற்கு மூன்றாவது மருமகள் என்று பெயர். தனி அறை, தனி விளக்கு, தனி மின்விசிறி. ஒரு சொல் பொறுக்காது, முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். பெயர் வைத்தவள் பெரியவரின் மனைவி. முதல் இரண்டு மருமகள்களான தனக்கும் சின்னவளுக்கும் இந்த மரியாதையில் கால்வாசி கிடைத்ததில்லை என்கிற குத்தல் அதற்குள் இருந்தது. பெரியவருக்கு அது புரியாமல் இல்லை. சிரித்துக்கொண்டே, இந்த மருமகளாவது வேலை செய்யட்டும் பார்ப்போம் என்று திருப்பிக் குத்தினார்.

அவர் அதற்காகத் தன் வேனை விற்றவர். போர்வைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கொடுத்துவிட்டு வருவதுதான் அவர் வேலையாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவருக்கு முகத்தில் களை வரும். வேன் போன பிறகு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுகூட வளைவில் வண்டியைத் திருப்புகிறவர்போல் உடம்பைச் சாய்த்தார். நூல் அறும். மறுபடி கோத்தால் மறுபடி அறும். அடித்துணியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டு கட்டிக்கொள்ளும். ஊசிகள் பட்டென்று முறிந்து எங்கேயாவது தெறிக்கும். ஒரு முறை தம்பியின் காதுமடலில் குத்தி நின்றது. அவன் அதைப் பிடுங்கி, நல்லவேளை கண்ணுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போய்விட்டான். அவன் எதற்கும் அப்படித்தான். நல்லவேளைகளாகவே எண்ணிக்கொண்டு வாழ்கிறவன்.

பழுது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் கம்பெனி இந்த மெக்கானிக்கைத்தான் அனுப்பியது. வருவான், கழற்றுவான், துடைப்பான், மாட்டுவான். அவன் கண்முன்னே ஓடும். அவன் தெருமுனை தாண்டியதும் நிற்கும்.

அன்று காலை பெரியவர் கைப்பிடியைப் பிடித்திருந்தார். அடியில் நூல் சுருண்டு தலை நகராமல் நின்றுவிட்டது. அவர் மனைவி குனிந்து, ஊசிக்கு அடியில் விரலை விட்டு, சுருண்ட நூலைக் கத்தரித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் தானாகவே ஓடியது என்று பெரியவர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். ஊசி நகத்தின் நடுவில் இறங்கி, மறுபக்கம் வந்து, விரலைத் துணியோடு சேர்த்து மூன்று தையல் போட்டு, உள்ளேயே ஒடிந்தது. அவள் அலறவில்லை. மாட்டிக்கொண்ட கையைப் பார்த்தபடி நின்று, "இதைக் கொஞ்சம் எடுத்துவிடுங்களேன்," என்றாள். சின்னவள்தான் நூலைக் கத்தரித்துக் குறட்டால் இழுத்து எடுத்தாள். எடுக்கும்போது ஊசி எலும்பில் உரசிய சத்தம் அவள் பல்லில் கேட்டது.

அதற்குப் பிறகுதான் பெரியவர் கம்பெனிக்குப் போன் செய்து, மிகவும் மரியாதையாக, ஆளை அனுப்பச் சொன்னார்.

மெக்கானிக் வந்தான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். சட்டத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, நூலை வாங்கும் கொக்கிக்குள் விரலை விட்டுத் துடைத்து, விரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. படுத்தபடியே பேசினான்.

"சமையல் எண்ணெய் ஊத்துறீங்களா சார்? வீட்டுல பொம்பளைங்க யாராச்சும் ஊத்தியிருப்பாங்க. கேட்டுப் பாருங்க."

எண்ணெய் ஊற்றுவது பெரியவர்தான். கம்பெனி கொடுத்த புட்டியிலிருந்து, மருந்து அளக்கிற மாதிரி, தினமும் சொட்டுச் சொட்டாக அவரே விடுவார். மெக்கானிக் அதைத் தெரிந்து சொல்லவில்லை. எழுந்து உட்காருவதற்குள், பெரியவர் கையிலிருந்த நீள அளவுகோல் அவன் முகத்தில் பக்கவாட்டாக விழுந்து இரண்டாக முறிந்தது. முறிந்த துண்டை வைத்து மறுபடி. அது போதாமல் கையால். சட்டைக் காலரைப் பிடித்து அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்ததில்தான் செருப்பு கழன்றது. தம்பி இடையில் புகுந்து, அண்ணா போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே, அடிக்க வசதியாக மெக்கானிக்கின் கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டான். வேண்டுமென்று செய்தானா, விலக்கப்போய் அப்படி ஆனதா என்று அவனைக் கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

"புது ஊசி ஒண்ணு போடும்மா," என்றார் பெரியவர் இப்போது, சின்னவளைப் பார்த்து. "நூலையும் கோத்துடு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஆடிக்கொண்டிருந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்தாள்.

ஊசியை எடுத்தாள். நூற்கண்டிலிருந்து நூலை இழுத்து, வளையங்களில் நுழைத்து, நூலைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவில் விட்டாள். நூல் இறங்கவில்லை. கட்டைவிரல் நகத்தைத் தகடுகளுக்கு நடுவில் விட்டு நெம்பினாள். நகத்தில் பழுப்பாக ஒரு துணுக்கு வந்தது. துடைத்தாள், போகவில்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அவள் நகக்கண்ணில் இருக்கிற வாசனை அது. தேன்மெழுகு.

கையால் போர்வை தைக்கிறவர்கள் நூலை மெழுகுக் கட்டியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் ஊசியில் கோப்பார்கள். நூல் முறுக்காது, பஞ்சில் சிக்காது, அறாது. அரிசியைக் களைந்துவிட்டு உலையில் போடுவது மாதிரி. அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. இயந்திரத்துக்கென்று பெரிய நூற்கண்டுகள் வந்தபோது பெரியவரின் மனைவி தொட்டுப் பார்த்து, வைக்கோல் மாதிரி வறண்டு கிடக்கிறதே என்று முகம் சுளித்தாள். ஆண்கள் வெளியே போகிற மத்தியானங்களில் மெழுகை உருக்கித் துணியில் ஏற்றி, கண்டு கண்டாக நூலை அந்தத் துணிக்குள் ஓடவிட்டு மறுபடி சுற்றி வைத்தார்கள். மூத்தவளான அவள் துணியைப் பிடித்துக்கொண்டாள், சின்னவள் சுற்றினாள். அத்தனை பெரிய இயந்திரத்துக்குச் செய்கிற சீர் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். இயந்திரத்தின் வேகத்தில் மெழுகு சூடேறி உருகி, தகட்டிலும் கொக்கியிலும் வழிந்து, இறுகி, பஞ்சுத் தூசியைச் சேர்த்துக்கொண்டு கல்லாகும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மெழுகு போட்டீர்களா என்று கேட்க மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை. அவன் பார்த்த இயந்திரக்காரர்கள் யாரும் அப்படிச் செய்தவர்கள் இல்லை.

சின்னவள் திரும்பி ஓரகத்தியைப் பார்த்தாள். மூத்தவள் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. காலையில் விரல் மாட்டிக்கொண்டு நின்ற நேரத்திலேயே, கண்ணுக்கு நேரே இருந்த கொக்கியைப் பார்த்து அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையை ஒரே ஒரு தடவை, மிகச் சின்னதாக, இல்லை என்று அசைத்தாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று சின்னவளுக்குத் தெரியும். மூத்தவளின் புருவத்துக்கு மேலே உள்ள தழும்பு பெரியவர் எறிந்த வேன் சாவி பட்டது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தரையில் உட்கார்ந்து ரத்தத்தை நக்கிக்கொண்டிருந்தது.

அவள் ஊசியைச் செருகினாள். அதைப் பிடித்து நிறுத்தும் திருகைப் பாதி முடுக்கி, முழுதாக முடுக்கியதுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

பெரியவர் எழுந்து மெக்கானிக்கை முடியைப் பிடித்துத் தூக்கினார். அவன் வலது கையை இழுத்து, விரித்துக் கட்டியிருந்த போர்வையின்மேல், ஊசிக்கு நேர் கீழே வைத்தார். பாதி தைத்த போர்வை. மனைவியின் காலை ரத்தம் அதில் காய்ந்திருந்தது. தம்பி வந்து முழங்கையைப் பிடித்தான். அடி விழுந்த பிறகு மெக்கானிக் அப்போதுதான் முதன்முறையாகப் பேசினான். சார் என் கை சார் என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்லச் சொல்ல அது வார்த்தையாக இல்லாமல் மூச்சாக ஆகிவிட்டது.

பெரியவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

ஊசி முதல் குத்திலேயே கழன்று விழுந்தது. ஆனால் ஊசியோடு சேர்ந்து குதிக்கிற இரும்புப் பாதம் நிற்கவில்லை. சம்மட்டி அடிப்பதுபோல் நடுவிரல் கணுவின்மேல் விடாமல் அடித்தது. கணு உடைகிற சத்தம் இயந்திரத்தின் சத்தத்துக்குள்ளும் தனியாகக் கேட்டது. மெக்கானிக்கின் வாய் திறந்தபடி நின்றது, சத்தம் வரவில்லை. பெரியவர் பொத்தானை மறுபடி அழுத்தி நிறுத்தினார். போர்வையின்மேல் முழுசாகக் கிடந்த ஊசியை எடுத்துப் பார்த்தார். திருகைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார்.

"கை நடுங்கிடுச்சா?" என்றார். "பரவால்ல. நானே போட்டுக்கறேன்."

ஊசியைச் செருகி, திருகை அவர் முடுக்கத் தொடங்கினார். ஒரு திருப்பு. இன்னொரு திருப்பு. மெக்கானிக்கின் கணு அதற்குள் எலுமிச்சையாக வீங்கியிருந்தது.

"மெழுகு, மாமா," என்றாள் சின்னவள்.

அவர் திரும்பவில்லை.

"நூலுக்கு மெழுகு போட்டேன். எல்லாக் கண்டுக்கும். அதான் அடைச்சிருக்கு. அவர்மேல தப்பு இல்ல."

போட்டோம் என்று அவள் வாயில் வந்தது. போட்டேன் என்று விழுந்தது. பெரியவரின் கை திருகின்மேல் நின்றது. தம்பி, தான் பிடித்திருந்த முழங்கையை ஏதோ சுட்டுவிட்டதுபோல் விட்டான். மெக்கானிக் சரிந்து தரையில் உட்கார்ந்து, உடைந்த கையைக் கக்கத்தில் அடக்கிக்கொண்டு, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத முகத்தோடு அவளை அண்ணாந்து பார்த்தான்.

"மெழுகா? ஒவ்வொரு தடவையும் வந்தேனேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே," என்றாள் அவள். சமாதானமாகத்தான் சொன்னாள். அந்த நேரத்தில் அது எப்படிக் கேட்டதோ, மெக்கானிக் ஒரு தடவை விக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெரியவர் மெதுவாகத்தான் வந்தார். அவளுடைய பின்னலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இயந்திரத்தை நோக்கி நடந்தார். அவள் பின்னாலேயே, குனிந்தபடி, கால்கள் தரையில் தேய்ந்து வந்தாள். வேனை விற்றேன் என்றார். என் வேனை விற்றேன். அவளுடைய வலது கையைப் பிடித்து, மெக்கானிக்கின் ரத்தம் சொட்டியிருந்த அதே இடத்தில் வைத்து அழுத்தினார்.

"டேய், பிடிடா," என்றார் தம்பியிடம்.

தம்பி இரண்டடி எடுத்து வைத்தான். சின்னவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தாள். அவன் கை பாதி நீண்டு அந்தரத்தில் நின்றது. பிடிக்கவும் இல்லை, மடங்கவும் இல்லை. அதைப் பார்த்தபோது அவளுக்கு வலியைவிட வெட்கமாக இருந்தது.

"மெழுகு என்னோடது," என்றாள் மூத்தவள்.

பஞ்சு மூட்டையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"நான்தான் உருக்கினேன். அவ சுத்தினா, அவ்ளோதான். ஆனா காலையில பொத்தானை அழுத்தினது மெழுகு இல்ல. நீங்க. என் கை உள்ள இருக்குன்னு தெரிஞ்சுதான் அழுத்துனீங்க. சீக்கிரம் எடுடின்னு சொல்லிட்டு அழுத்துனீங்க."

அந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பக்கத்தில் நின்ற தம்பிக்குத் தெரியும், குறடு பிடித்த சின்னவளுக்குத் தெரியும். யாரும் வாயால் சொல்லாததால் அதுவரை நடக்காததுபோல் இருந்தது.

பெரியவர் பின்னலை விட்டார். மூலையில் சாத்தியிருந்த, உருளைக்குள் செருகும் இரும்புத் தண்டை எடுத்தார். மூத்தவள் நகரவில்லை, கட்டுப்போட்ட விரலை முன்னால் நீட்டியபடியே நின்றாள், ஏதோ அதைக் காட்டித்தான் பேசியாக வேண்டும் என்பதுபோல். முதல் அடி அந்தக் கையின்மேல் விழுந்தது. காலையில் அலறாதவள் இப்போது அலறினாள். இரண்டாவது அடி தோளில். அவள் மண்டிபோட்டாள். மூன்றாவதற்குத் தண்டைத் தலைக்குமேல் ஓங்கும்போது அது மின்விசிறியில் பட்டு, விசிறி இறக்கை ஒன்று கோணி, தண்டு அவர் கையிலிருந்து பறந்து சின்னவளின் காலடியில் வந்து விழுந்தது.

அவள் எடுத்தாள். நினைத்து எடுக்கவில்லை, கீழே விழுந்த பொருளை எடுக்கிற மாதிரிதான் எடுத்தாள். கைக்கு வந்த பிறகு அதன் கனம் தெரிந்தது. பெரியவர் கையை நீட்டி, கொடு என்றார். நீட்டிய அந்த மணிக்கட்டில், இரண்டு கைகளாலும் ஓங்கி அடித்தாள்.

பச்சைக் கிளை முறிகிற சத்தம். அவர் மணிக்கட்டுக்குக் கீழே கை தனியாகத் தொங்குவதை எல்லோரும் பார்த்தார்கள், அவரும் பார்த்தார். அவள் மறுபடி ஓங்கினாள். அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் திரும்பி அந்த அடியை மூன்றாவது மருமகளின் வெள்ளைத் தலையில் இறக்கினாள். பிறகு நிறுத்தமுடியவில்லை. கைப்பிடி முறிந்தது, பச்சைப் பொத்தான் தெறித்தது, தகடுகள் கழன்று உருண்டன. கொக்கி இருந்த பெட்டியைப் பிளந்தபோது உள்ளே மெழுகும் தூசியும் கலந்து கொழுக்கட்டை அளவுக்கு ஒரு கட்டி விழுந்தது. கணவன், போதும் போதும் என்றான். காலையிலிருந்து அவனுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் தண்டை அவன் பக்கம் திருப்பிப் பிடித்ததும் அந்த வார்த்தையும் நின்றது.

அவளே கதவைத் திறந்தாள். மெக்கானிக் ஒரு காலில் செருப்போடு போனான். மற்றதை எடுத்துக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள், பெரியவரும் மூத்தவளும் இரண்டு பேருமே. கட்டுப்போட்ட மருத்துவர், ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு வழுக்கலா, தரைக்குச் சோப்புப் போட்டீர்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பெரியவருக்கு மாவுக்கட்டு. மூத்தவளுக்கு ஊசி போன விரலின் மேல்கணுவை எடுத்துவிட்டார்கள்.

கட்டு காய்வதற்குள் பெரியவருக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. கம்பெனிக்குப் போன் செய்து, உங்கள் ஆள் குடித்துவிட்டு வந்து இயந்திரத்தை உடைத்தான், தடுக்கப்போன என் கையையும் உடைத்தான் என்றார். மெக்கானிக் அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை, வாயும் திறக்கவில்லை, பயந்திருந்தான். அது அவனுக்கே எதிராகப் போயிற்று. எழுத்தில் கொடுங்கள், கூட இருந்தவர் ஒருவர் கையெழுத்தும் வேண்டும், ஆளை நீக்கிப் போலீசில் கொடுத்துவிட்டு வேறு இயந்திரம் தருகிறோம் என்றது கம்பெனி. ஊசிக்குத் தப்பிய மெக்கானிக்கின் கைக்கு இனி எங்கும் திருகு முடுக்கும் வேலை கிடைக்காது, விலங்கு வேண்டுமானால் கிடைக்கும் என்பது அதன் பொருள்.

அந்த வீட்டில் கடிதம் எழுதுவது சின்னவள். அவள் கையெழுத்துதான் புரியும்படி இருக்கும். பெரியவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு தம்பியை விட்டு அவளைக் கூப்பிடச் சொன்னார். அவரும் அவளும் அதற்குப் பிறகு நேருக்கு நேர் பேசியிருக்கவில்லை. கூடத்து மேசையை அவர் கட்டிலருகே இழுத்துப் போட்டார்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். அவள் எழுதத் தொடங்கினாள். அவர் சொல்லி முடித்த பிறகும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்ன எழுதற?" என்றான் கணவன்.

"முடியட்டும்."

முடித்து, படித்துக் காட்டவா என்று கேட்டாள். யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் படித்தாள். நிறுத்தி நிறுத்தி, சொற்களை விழுங்காமல் படித்தாள். தாங்கள் அனுப்பிய மெக்கானிக் குடித்திருக்கவில்லை. அவரை எங்கள் வீட்டில் அடைத்துவைத்து அடித்தோம். அவர் கையை இயந்திரத்தில் வைத்து உடைத்தோம். வைத்தவர் என் கணவரின் அண்ணன், பிடித்தவர் என் கணவர், ஊசி கோத்தவள் நான். இயந்திரம் பழுதானது நாங்கள் நூலுக்கு மெழுகு ஏற்றியதால். அதை உடைத்ததும், பெரியவரின் கையை உடைத்ததும் நான். கூட இருந்தவள் என்ற முறையிலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

பெரியவரின் முகம் கட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. அதைக் கிழித்துப் போடடா என்று தம்பியிடம் சொன்னார். தம்பி மேசையைப் பார்த்தான். மேசைக்கு மறுபக்கத்தில் மூத்தவள் வந்து உட்கார்ந்திருந்தாள், கையில் துணிவெட்டும் பெரிய கத்திரி. அவள் பஞ்சு மூட்டையைப் பிரிக்கத்தான் அதை எடுத்துவந்தாள். ஆனால் கீழே வைக்கவில்லை.

"உள்ள போடணும்னா நம்ம எல்லாரையும்தான் போடணும்டி," என்றாள் சின்னவளிடம்.

"தெரியும், அக்கா."

"தெரிஞ்சா சரி. எனக்கு ஒரு இடம் காட்டு."

சின்னவள் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். மூத்தவள் கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் இடுக்கி, புதிதாக எழுதப் பழகுகிற பிள்ளைபோல் கோணல்மாணலாகத் தன் பெயரைச் சேர்த்தாள். பெரியவர், சோறு போட்டவனுக்கு நல்ல மரியாதை என்றார். சோறு ஆக்கினவளும் இங்கதான் உட்கார்ந்திருக்கா என்று அவள் தாளைப் பார்த்தபடியே சொன்னாள். அதோடு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு கையால் கத்திரிக்கு எதிரே என்ன செய்யமுடியும் என்று யோசித்திருப்பார். யோசித்து முடிக்கட்டும் என்று இரண்டு பெண்களும் காத்திருக்கவில்லை.

தாளை மடித்து உறையில் போட்டு, ஓரத்தில் பசை தடவி, மூத்தவள் தன் முழங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

தபால் நிலையத்துக்குச் சின்னவள் தானே போனாள். கணவன் தெருமுனைவரை பின்னாலேயே வந்து, கொடு நான் போட்டுவிடுகிறேன் என்றான். அவள் உறையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். மெக்கானிக்குக்கு என்ன ஆகும் என்று கேட்டான். வேலை போகாது, கை சரியானால் என்றாள். நமக்கு என்று கேட்டான். அவள் சாலையைக் கடந்தாள். அவன் கடக்கவில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஊழியர் உறையைத் திருப்பிப் பார்த்து, பதிவுத் தபாலா என்று கேட்டார். ஆமாம் என்றாள். பெறுகிறவர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், தெரியுமா என்றார். அதற்காகத்தான் என்றாள். அவர் தபால்தலைகளை ஒட்டி, முத்திரையை மையில் ஒற்றி, ஒவ்வொன்றின்மேலும் ஓங்கி ஓர் அடி அடித்து, உறையைத் தோளுக்குமேல் பின்னால் இருந்த சாக்குக்குள் எறிந்தார்.